முன்மொழிந்தவர்: ரோசலிண்ட் பிராங்க்ளின்



நம்ம குழுக் கூட்டத்துல ஒரு தீர்மானம் போட்டா, கடைசியில ரெண்டு பேர் எழுதுவோம். முன்மொழிந்தவர் ஒருத்தர், வழிமொழிந்தவர் ஒருத்தர். யோசனை யாரோடது, அதை யார் சரின்னு ஒத்துக்கிட்டாங்க என்பது அதுல தெரியும். பத்து வருஷம் கழிச்சு நோட்டைப் புரட்டினாலும் தெரியும். இந்த மலரில் ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையைச் சொல்லப்போகிறோம். முன்மொழிந்தவர் இடத்தில் வரவேண்டிய அவருடைய பெயர், வழிமொழிந்தவர் மாதிரி மூன்றாவதாக அச்சாகிவிட்டது. அது திருந்துவதற்குப் பல வருஷம் ஆனது. அவர் பெயர் ரோசலிண்ட் பிராங்க்ளின்.

படிப்பு

ரோசலிண்ட் 1920 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் லண்டன் நகரில் பிறந்தார். வசதியான யூதக் குடும்பம். அப்பா எல்லிஸ், அம்மா மூரியல். ஐந்து பிள்ளைகளில் இவர் இரண்டாவது. பெண் பிள்ளைகளுக்கும் இயற்பியல், வேதியியல் சொல்லிக்கொடுத்த பள்ளிகள் அந்தக் காலத்தில் லண்டனிலேயே குறைவு. அப்படி ஒரு பள்ளியில் படிக்கும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது. கணக்கிலும் அறிவியலிலும் கெட்டிக்காரி. பள்ளி முடிக்கும்போது மேற்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தது. நமக்குத்தான் வசதி இருக்கே, அந்தப் பணத்தை அகதியாக வந்திருக்கும் ஒரு மாணவருக்குக் கொடுத்துவிடலாம் என்று அப்பா கேட்டுக்கொண்டார்.

1938-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கான நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்தார். 1941-இல் இறுதித் தேர்வில் தேறினார். ஆனால் அப்போது அந்தப் பல்கலைக்கழகம் ஆண்களுக்குக் கொடுத்த முழுப் பட்டத்தைப் பெண்களுக்குக் கொடுக்கவில்லை. அதே வகுப்பு, அதே பரீட்சை, அதே மதிப்பெண். ஆனாலும் பெண்ணுக்குக் கிடைத்தது பேருக்கு ஒரு பட்டம்தான். இந்த வழக்கம் 1948-இல்தான் மாறியது.

கரியில் தொடங்கிய ஆராய்ச்சி

அது இரண்டாம் உலகப்போர்க் காலம். 1942-இல் நிலக்கரி பற்றி ஆராயும் நிறுவனம் ஒன்றில் ரோசலிண்ட் வேலைக்குச் சேர்ந்தார். லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. பகலில் ஆராய்ச்சி, அதோடு விமானத் தாக்குதல் நேரத்தில் தெருவில் மக்களை எச்சரிக்கும் தொண்டர் வேலை.

கரி என்றால் நமக்கு அடுப்பு ஞாபகம் வரும். அந்தக் கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் இருக்கு. எந்த வாயு உள்ளே போகும், எது போகாது என்பதை அந்தத் துளைகளின் அளவுதான் முடிவு செய்கிறது. சல்லடையில் மாவு இறங்குது, தவிடு தங்குது இல்லையா, அது மாதிரி. ஒவ்வொரு வகை நிலக்கரியின் துளைகளையும் அளந்து பார்த்து, ஏன் ஒன்று ஒரு மாதிரியும் இன்னொன்று வேறு மாதிரியும் நடந்துகொள்கிறது என்று ரோசலிண்ட் விளக்கினார். அந்த ஆராய்ச்சிக்காக 1945-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

போர் முடிந்ததும் 1947-இல் பிரான்சின் பாரிஸ் நகருக்குப் போனார். போர்க்காலத்தில் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஏட்ரியன் வெய் என்ற பிரெஞ்சுப் பெண் விஞ்ஞானி அவருக்குத் தோழி. அந்த வேலை கிடைக்க வழி காட்டியவர் அவர்தான். பாரிஸில் எக்ஸ்ரேயைக் கொண்டு பொருள்களின் உள்ளமைப்பைக் கண்டுபிடிக்கும் கலையைக் கற்றுக்கொண்டார். ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் எடுப்பது வேறு, இது வேறு. விளக்குக்கு முன்னால் ஒரு சல்லடையைப் பிடித்தால் சுவரில் புள்ளிப் புள்ளியாக விழும். சல்லடையைப் பார்க்காமல் அந்தப் புள்ளிகளை மட்டும் பார்த்து, ஓட்டை எவ்வளவு பெரிசு, எவ்வளவு இடைவெளி என்று கணக்குப் போட்டுச் சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்? ரோசலிண்டின் வேலை அதுதான். எக்ஸ்ரே விழுத்திய புள்ளிகளைப் பார்த்துக் கண்ணுக்கே தெரியாத அணுக்களின் வரிசையைச் சொல்லவேண்டும். பொறுமையும் கணக்கும் வேணும்.

சில வகைக் கரியைச் சூடாக்கினால் பென்சில் முனையில் இருக்கிற கிராஃபைட்டாக மாறும். சில வகை எவ்வளவு சூடாக்கினாலும் மாறாது. ஏன் என்று விளக்கி 1951-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தக் கட்டுரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

லண்டனில் குழப்பம்

1951 ஜனவரியில் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தார். அங்கே அவருக்கு ஒதுக்கப்பட்டது டி.என்.ஏ. ஆராய்ச்சி. அப்பா அம்மாவோட சாயல் பிள்ளைக்கு வருதே, நெல் விதைச்சா நெல்தான் முளைக்குதே, அதற்கான குறிப்பை உயிர்களின் செல்லுக்குள் எழுதி வைத்திருக்கும் பொருள்தான் டி.என்.ஏ. அதன் வடிவம் என்ன என்று அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது.

அங்கே ஏற்கனவே டி.என்.ஏ. ஆராய்ந்துகொண்டிருந்தவர் மாரிஸ் வில்கின்ஸ். துறைத் தலைவர் ஜான் ராண்டல், எக்ஸ்ரே வேலை உங்களுக்கும் ஆராய்ச்சி மாணவர் ரேமண்ட் காஸ்லிங்குக்கும்தான் என்று ரோசலிண்டுக்குக் கடிதம் எழுதிவிட்டார். வில்கின்சிடம் அதைச் சொல்லவில்லை. வந்திருப்பது தனக்கு உதவியாளர் என்று வில்கின்ஸ் நினைத்தார். இது என் பொறுப்பு என்று ரோசலிண்ட் நினைத்தார். அவரவர் கையில் இருந்த தகவல்படி ரெண்டு பேரும் நினைச்சது சரிதான். தலைவர் இருவரையும் உட்கார வைத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். பொறுப்பு பிரிப்பதைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டும் என்று நம்ம பயிற்சிகளில் திரும்பத் திரும்பச் சொல்லுவது இதனால்தான்.

கல்லூரியில் எல்லோருக்கும் பொதுவான சாப்பாட்டுக் கூடம் இருந்தது. ஆண்களுக்கு மட்டும் என்று தனியாக ஓர் அறையும் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்ளும் பேச்சில்தான் பாதி விஷயம் தெரியவரும். அந்தப் பேச்சு இவர் காதுக்கு வரவில்லை. ரோசலிண்டும் சிரித்துப் பேசிச் சமாளிக்கும் ஆள் இல்லை. தப்பு என்று பட்டால் முகத்துக்கு நேரே சொல்லுவார். அதனால் சிலருக்கு அவரைப் பிடிக்கவில்லை.

வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. டி.என்.ஏ. இழை ஈரம் பட்டால் நீளும், காய்ந்தால் குறுகித் தடிக்கும் என்று கண்டுபிடித்தார். அதுவரை இரண்டு நிலையும் கலந்தே படம் விழுந்ததால் யாருக்கும் தெளிவு கிடைக்கவில்லை. இழையைச் சுற்றிய காற்றின் ஈரத்தை அளந்து கட்டுப்படுத்தி, காய்ந்த நிலைக்கு ஏ என்றும் ஈர நிலைக்கு பி என்றும் பெயர் வைத்துத் தனித்தனியாகப் படம் எடுத்தார்கள். 1952 மே மாதம் 60 மணி நேரத்துக்கும் மேலாக எக்ஸ்ரே பாய்ச்சி, காஸ்லிங்கும் அவரும் எடுத்த ஒரு படம் மிகத் தெளிவாக வந்தது. புகைப்படம் 51 என்று இன்று உலகமே அறிந்த படம் அதுதான். நடுவில் பெருக்கல் குறி போட்டது மாதிரி புள்ளிகள். சுருள் வடிவத்துக்கு அது அடையாளம்.

யார் கைக்குப் போனது?

அதே நேரத்தில் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் வாட்சன், பிரான்சிஸ் கிரிக் என்ற இருவர் கம்பியும் தகடும் வைத்து டி.என்.ஏ. வடிவத்தைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1951 நவம்பரில் ரோசலிண்ட் தன் முடிவுகளைப் பேசிய கூட்டத்துக்கு வாட்சன் வந்தார். ஆனால் நோட்டில் குறித்துக்கொள்ளவில்லை. ஞாபகத்தை நம்பிப் போய்ச் சொன்னார். அதை வைத்து இருவரும் ஒரு மாதிரியைக் கட்டினார்கள். ரோசலிண்ட் நேரில் வந்து பார்த்தார். பாஸ்பேட் பகுதி வெளியே இருக்கவேண்டும், நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள், தண்ணீர் அளவும் தப்பு என்று சொல்லிவிட்டார். அந்த மாதிரி அதோடு முடிந்தது.

1953 தொடக்கத்தில் ரோசலிண்ட் கிங்ஸ் கல்லூரியை விட்டுக் கிளம்பத் தயாரானார். காஸ்லிங் மறுபடி வில்கின்ஸ் பொறுப்புக்கு மாறினார். அப்படித்தான் புகைப்படம் 51 வில்கின்ஸ் கைக்கு வந்தது. ஜனவரி 30 அன்று வில்கின்ஸ் அதை வாட்சனிடம் காட்டினார். அடுத்த மாதம், ரோசலிண்டின் அளவுகள் அடங்கிய ஓர் அறிக்கை கேம்பிரிட்ஜில் மேக்ஸ் பெருட்ஸ் என்பவர் மூலம் கிரிக் கைக்குப் போனது. அறிக்கையின்மேல் ரகசியம் என்று எழுதியிருக்கவில்லைதான். ஆனால் படத்தைக் காட்டும்போதோ அறிக்கையைக் கொடுக்கும்போதோ, அதில் உழைத்த ரோசலிண்டிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இங்கே நியாயமாகப் பேசவேண்டும். ரோசலிண்ட் பல மாதங்களைக் கடினமான ஏ வகையின் கணக்கிலேயே செலவிட்டார். முழு ஆதாரம் இல்லாமல் அதைச் சுருள் என்று ஒத்துக்கொள்ள மறுத்தார். 1953 பிப்ரவரி 24 அன்று அவர் நோட்டில் எழுதிய குறிப்பைப் பார்த்தால், இரண்டு வகையுமே இரண்டு புரி கொண்ட சுருள் என்ற இடத்துக்கு அவர் தானாகவே வந்துவிட்டது தெரியும். இரண்டு புரிகளையும் எது எதனோடு ஜோடி சேர்ந்து பிடித்து வைத்திருக்கிறது என்பதை வாட்சனும் கிரிக்கும்தான் கண்டுபிடித்தார்கள். அது அவர்களுடைய சொந்த மூளை. ஆனால் அந்தச் சுருளின் அளவும் அமைப்பும் சரிதான் என்று அவர்கள் உறுதியாக நிற்க, காலுக்குக் கீழே தரையாக இருந்தது ரோசலிண்டின் அளவுகள்.

மூன்றாவது கட்டுரை

1953 ஏப்ரல் 25 அன்று நேச்சர் என்ற அறிவியல் இதழில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. முதலில் வாட்சன், கிரிக். இரண்டாவது வில்கின்சும் கூட்டாளிகளும். மூன்றாவது ரோசலிண்ட் பிராங்க்ளின், காஸ்லிங்.

விஞ்ஞானிகள் கட்டுரை எழுதினால் கடைசியில் ஒரு பட்டியல் போடுவார்கள். இந்த விஷயத்தை இன்னாரிடமிருந்து எடுத்தேன், இந்த அளவு இன்னாருடையது என்று. அதற்கு மேற்கோள் காட்டுவது என்று பெயர். ஒருத்தர் கட்டுரையை எத்தனை பேர் இப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணித்தான் விஞ்ஞானிகளின் மதிப்பைப் பேசுகிறார்கள். வேலை கிடைப்பதற்கும், பண உதவி கிடைப்பதற்கும், பரிசு கிடைப்பதற்கும் அந்தக் கணக்கு உதவும். நம்ம குழுவுக்குத் தரம் பிரிக்கும்போது பதிவேட்டைப் பார்ப்பது மாதிரி. பதிவேட்டில் இல்லாத சேமிப்பு வங்கிக்குத் தெரியாது.

வாட்சன், கிரிக் கட்டுரையின் பட்டியலில் ஆறு மேற்கோள் இருக்கு. ஆறிலும் ரோசலிண்ட் பெயர் இல்லை. கட்டுரை முடிவில் நன்றி சொல்லும் இடத்தில், வில்கின்ஸ், பிராங்க்ளின், அவர்களோடு வேலை செய்தவர்களின் வெளிவராத முடிவுகளைப் பொதுவாகத் தெரிந்திருந்தது தூண்டுதலாக இருந்தது என்ற அளவில் ஒரு வரி மட்டும் வந்தது. அவருடைய அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு கட்டியதாக அதைப் படித்த யாருக்கும் தோன்றாது. அடுத்த வருஷம் 1954-இல் விரிவாக எழுதிய கட்டுரையில், கிங்ஸ் கல்லூரியின் முடிவுகள் இல்லாமல் இந்த வடிவத்தைக் கண்டிருப்பது அநேகமாக நடந்திருக்காது என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் எல்லோரும் திரும்பத் திரும்பப் படித்தது முதல் கட்டுரையைத்தான்.

ரோசலிண்டின் கட்டுரையோ, கேம்பிரிட்ஜ் மாதிரி பற்றிக் கேள்விப்படுவதற்கு முன்பே, மார்ச் 17-ஆம் தேதியே ஒரு வரைவாக எழுதி முடிந்திருந்தது. பிறகுதான், தங்கள் முடிவுகள் அந்த மாதிரியோடு ஒத்துப்போகின்றன என்று ஒரு வரியைச் சேர்த்தார். அந்த ஒரு வரியால், படிக்கிறவர்களுக்கு அவர் பின்னால் வந்து ஆமாம் போட்டவர் மாதிரி தெரிந்தது. முன்மொழிந்தவர் வழிமொழிந்தவராக மாறியது இப்படித்தான்.

தேமல் நோயும் நல்ல காலமும்

1953 மார்ச்சில் லண்டனிலேயே பர்க்பெக் கல்லூரிக்கு மாறினார். டி.என்.ஏ. வேலையை இங்கேயே விட்டுவிட்டுப் போகவேண்டும் என்பது ராண்டலின் நிபந்தனை. ரோசலிண்ட் ஒதுங்கி உட்கார்ந்து வருத்தப்படவில்லை. வேறு வேலையைக் கையில் எடுத்தார்.

புகையிலைச் செடியில் தேமல் நோய் வரும், விவசாயம் பார்க்கிற சகோதரிகளுக்குத் தெரியும். இலை திட்டுத் திட்டாக வெளுக்கும். அதை உண்டாக்கும் வைரசின் உடலமைப்பை ஆராய்ந்தார். 1954-இல் ஆரன் க்ளூக் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். இருவருக்கும் நல்ல ஒற்றுமை. அந்த வைரஸ் உள்ளே கூடான ஒரு குழல் என்றும், நோயைப் பரப்பும் ஆர்.என்.ஏ. இழை புரதத்துக்குள்ளேயே சுருளாகப் பதிந்திருக்கிறது என்றும் அந்தக் குழு தெளிவாக்கியது. பிறகு போலியோ வைரஸ் பக்கம் திரும்பினார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்துவந்த உள்நாட்டு அமைப்பு தயக்கம் காட்டியபோது, அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்புக்கு விண்ணப்பித்து நிதி வாங்கினார். தன்னோடு வேலை செய்தவர்களின் சம்பளம் நிற்கக்கூடாது என்பதில் குறியாக இருந்தார்.

கிரிக்கோடும் வாட்சனோடும் பகை பாராட்டவில்லை. வைரஸ் ஆராய்ச்சி பற்றி அவர்களோடு பேசினார், கடிதம் எழுதினார். தன் அளவுகள் எவ்வளவு தூரம் பயன்பட்டன என்பது அவருக்கு முழுசாகத் தெரிந்திருந்ததாகத் தெரியவில்லை.

நோய்

1956-இல் அமெரிக்கா போயிருந்தபோது, பாவாடை இடுப்பில் இறுகுவதைக் கவனித்தார். வயிறு உப்பியிருந்தது. ஊர் திரும்பியதும் செப்டம்பரில் அறுவை சிகிச்சை நடந்தது. சினைப்பையில் புற்றுநோய். உடம்பு தேறும்வரை கொஞ்ச நாள் கிரிக் வீட்டிலேயே தங்கினார். பிறகும் வேலைக்குப் போனார். வலியைப் பற்றி அதிகம் பேசவில்லை.

1958 ஏப்ரல் 16 அன்று ரோசலிண்ட் இறந்தார். வயது 37. மறுநாள் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உலகக் கண்காட்சி திறந்தது. அவர் செய்து அனுப்பியிருந்த வைரஸ் மாதிரி அங்கே நின்றது. சைக்கிள் கைப்பிடி உறைகளை அடுக்கி அடுக்கிக் கட்டிய மாதிரி அது. தன் உயிலில் ஆரன் க்ளூக்குக்கு ஒரு தொகையும் தன் காரையும் எழுதி வைத்திருந்தார்.

சகோதரிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். வயிறு தொடர்ந்து உப்பிக்கிட்டே இருந்தா, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்ச மாதிரி இருந்தா, அடிவயித்து வலி வந்து விடாம இருந்தா, அடிக்கடி ஒண்ணுக்குப் போகவேண்டி இருந்தா, வாயுத்தொல்லைன்னு தள்ளிப்போடாதீங்க. அரசு ஆஸ்பத்திரியில காட்டுங்க. எல்லாமே புற்றுநோய் இல்லை. ஆனா சினைப்பைப் புற்றுநோய் இப்படித்தான் சத்தமில்லாம வரும். சீக்கிரம் பார்த்தா பிழைக்க வழி அதிகம்.

கணக்கு நேரான கதை

1962-இல் டி.என்.ஏ. கண்டுபிடிப்புக்காக வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இறந்தவர்களுக்குப் பொதுவாக அந்தப் பரிசு கொடுப்பதில்லை. 1968-இல் வாட்சன் தன் கதையை ஒரு புத்தகமாக எழுதினார். அதில் ரோசலிண்டை முசுடு மாதிரியும், உடுத்தத் தெரியாதவர் மாதிரியும் காட்டியிருந்தார். பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை. ஆனால் அவர் தோழி ஆன் சேயர் இருந்தார். பழைய கடிதங்களையும் ஆட்களையும் தேடிப் போய் விசாரித்து 1975-இல் ரோசலிண்டின் வாழ்க்கையைப் புத்தகமாக வெளியிட்டார். ஆரன் க்ளூக், ரோசலிண்டின் நோட்டுகளைப் பாதுகாத்து, தேதி வாரியாகப் படித்து, அவர் எந்த இடம்வரை வந்திருந்தார் என்று எழுதினார். 1982-இல் க்ளூக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெரிய வேலையைத் துணிந்து எடுக்கக் கற்றுக்கொடுத்தவர் ரோசலிண்ட்தான் என்று அந்த மேடையிலேயே சொன்னார்.

ரோசலிண்ட் எழுதிய கட்டுரைகளில் கரி பற்றி 19, டி.என்.ஏ. பற்றி 5, வைரஸ் பற்றி 21. மொத்தம் 45. இத்தனைக்கும் ஆராய்ச்சி செய்யக் கிடைத்தது 16 வருஷம்கூட முழுசாக இல்லை. யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று முறையாகத் தொகுக்கும் பட்டியல் வெளிவரத் தொடங்கியதே 1964-இல்தான். தன் கணக்கைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

முன்னால் நினைவில் வைக்கச் சொன்ன 1951 கட்டுரைக்கு இப்போது வருவோம். கிராஃபைட்டாக மாறாத கரி பற்றிய கட்டுரை. இன்றைக்கு சோடியம் பேட்டரி செய்ய முயலுகிற விஞ்ஞானிகளுக்கு அந்த மாதிரிக் கரிதான் வேண்டியிருக்கு. 70 வருஷம் தாண்டியும் அவர்கள் கட்டுரைகளின் பட்டியலில் ரோசலிண்ட் பிராங்க்ளின் பெயர் வந்துகொண்டே இருக்கு. டி.என்.ஏ. பக்கமே போகாவிட்டாலும் அவர் மறக்கமுடியாத விஞ்ஞானிதான்.

லண்டனில் அவர் கல்லறைக் கல்லில் விஞ்ஞானி என்றும், வைரஸ் பற்றிய அவர் கண்டுபிடிப்புகள் மனித குலத்துக்கு என்றும் பயன்படும் என்றும் பொறித்திருக்கிறார்கள். டி.என்.ஏ. என்ற சொல் அதில் இல்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டால் அந்தச் சொல்லோடுதான் அவர் பெயரைச் சொல்லும். கிங்ஸ் கல்லூரியில் ஒரு கட்டடத்துக்கு அவர் பெயரையும் வில்கின்ஸ் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்ப ஐரோப்பாவில் செய்த ஊர்திக்கு 2019-இல் ரோசலிண்ட் பிராங்க்ளின் என்று பெயர் சூட்டினார்கள்.

இதெல்லாம் நடந்ததற்குக் காரணம் ஒன்றுதான். அவர் தன் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டை ஒருத்தர் பத்திரமாக வைத்திருந்தார். ஒரு தோழி மெனக்கெட்டு விசாரித்தார். நோட்டு இல்லாமல் போயிருந்தால் நியாயமும் இல்லாமல் போயிருக்கும்.

நம்ம குழுக்களிலும் பொடி அரைக்கிற பக்குவத்தைச் சொன்னது ஒருத்தியா இருக்கும், மேடையில பாராட்டு வாங்குறது இன்னொருத்தியா இருக்கும். ஊருக்குத் தண்ணீர்க் குழாய் வேணும்னு முதல்ல எழுந்து பேசுனது பின்வரிசையில உட்கார்ந்திருந்த அக்காவா இருக்கும். அந்த அக்கா பேரை எழுதுங்க. தேதியும் போடுங்க. புத்தகம் எழுதுற தங்கச்சிகளே, உங்க பேனாவுலதான் அது இருக்கு.